மொத ஸ்கிரிப்ட்டு: எந்த சாஃப்ட்வேர், எந்தப் போட்டி, காசு எதுக்கு?

4 அக்டோபர் 2025, கேள்வி

வியாசர்பாடிலேர்ந்து கேக்கறேன். மணலி பக்கம் கன்டெய்னர் யார்டுல நைட் ஷிஃப்ட்டு. ஃபுல் படத்துக்கு ஒரு கதை கீது. ஹார்பர் ஜீரோ கேட்டுக்கு நிக்கற கன்டெய்னர் ட்ரெய்லர் லாரி லைன்ல ஒரு நைட்டு ஃபுல்லா மாட்டிக்கிற டிரைவரும் கிளீனரும், அவ்ளோதான். கூட வேல பாக்கறவன் ஃபைனல் டிராஃப்ட்ன்ற சாஃப்ட்வேர்ல எழுதாம குடுத்தா எவனும் தொடவே மாட்டான்றான், 250 டாலராம். இன்னொருத்தன் வெளிநாட்டு போட்டிக்கு அனுப்பு, ஜெயிச்சா நேரா ஹாலிவுட்ன்றான். லேப்டாப்பு பழசு. கைல கீறது ஓவர்டைம்ல மிச்சம் புடிச்ச காசு. அத மொதல்ல எதுல போடறது ணா, சாஃப்ட்வேர்லயா போட்டிலயா?

4 அக்டோபர், ராத்திரி

ரெண்டுலயும் போடாத தம்பி. காசு அப்படியே இருக்கட்டும்.

ஃபைனல் டிராஃப்ட்டோட விலை 249.99 டாலர், நம்ம காசுல இருவதாயிரத்த தாண்டிரும், அப்பப்போ தள்ளுபடி வரும் அது வேற. கெட்ட சாமான்னு சொல்ல மாட்டேன். ஆனா ஹாலிவுட்ல எல்லாரும் அதையே கட்டிக்கிட்டு அழறதுக்கு காரணம் என்னன்னு பாரு. ஷூட்டிங் கிட்ட வந்தப்புறம் நடுவுல ஒரு சீன மாத்துனா மத்த பக்க நம்பர் நகரக்கூடாது, அதனால பூட்டி வைக்கறாங்க, மாத்துன பக்கத்த மட்டும் நீலம், பிங்க், மஞ்சள்னு கலர் பேப்பர்ல அடிச்சு எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் குடுக்கறாங்க, ஒரு சீன தூக்கிட்டாலும் அடுத்த சீனோட நம்பர் மாறாது, அதுலேர்ந்தே ஷெட்யூலும் போடறாங்க. இதெல்லாம் படம் ஓகே ஆனவனோட தலைவலி. நீ இன்னும் மொத சீன எழுதியே முடிக்கல.

நான் ரொம்ப வருஷமா வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம்னு கதை டிஸ்கஷன்ல ஒக்காந்து எழுந்துக்கறவன், வீடு தண்டையார்பேட்ட. எந்த ஆபீஸ்லயும் எதுல டைப் பண்ணன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. லைன், அதாவது ஒரு வரில கதை, என்னன்னு கேப்பாங்க, அப்புறம் டைம் குடுத்து ஒக்கார வச்சு முழுசா சொல்ல சொல்லுவாங்க. அது புடிச்சா தான் முழுசா எழுதி பைண்ட் பண்ண பவுண்ட் ஸ்கிரிப்ட் கேப்பாங்க. ஷூட்டிங்ல கைக்கு வர்றது சீன் பேப்பரு, அத பாதி நேரம் அசிஸ்டன்ட் கையால காப்பி எடுத்து வச்சிருப்பாரு.

5 அக்டோபர்

நேத்து பாதில விட்டுட்டேன். "அப்போ எதுல தான் எழுதறது"ன்னு நாலு பேரு கீழ கேட்டிருக்கீங்க.

தமிழ்ல எழுதறதா இங்கிலீஷ்ல எழுதறதான்றத மொதல்ல முடிவு பண்ணு. இங்கிலீஷ்னா வழி ஈஸி. ரைட்டர்டூயட் மூணு ஸ்கிரிப்ட் வரைக்கும் காசு கேக்காது. ட்ரெல்பி முழுக்க இலவசம், பழைய விண்டோஸ் லேப்டாப்ல கூட ஓடும். ஃபேட் இன் ஒரே தடவ காசு கட்டுனா போதும், மாசா மாசம் புடுங்க மாட்டான். எதுல எழுதுனாலும் எஃப்டிஎக்ஸ்னு ஒரு ஃபைலா வெளிய எடுக்க முடியுதான்னு மட்டும் பாத்துக்கோ, அது ஃபைனல் டிராஃப்ட்டோட ஃபைல் வகை தான், ஆனா இப்போ முக்கால்வாசி சாஃப்ட்வேர் அத படிக்கும். பின்னாடி எவனாவது கேட்டா அதுல மாத்தி குடுத்துடலாம்.

தமிழ்ல தான் வம்பு. இந்த சாஃப்ட்வேர் பலதும் பெரிய எழுத்து சின்ன எழுத்து இருக்குற மொழிக்காக பண்ணது. கேரக்டர் பேர பெரிய எழுத்துல அடிச்சா "ஓ இவன் பேசப்போறான்"னு அதுவே புரிஞ்சுக்கிட்டு வசனத்த நடுவுக்கு தள்ளும். நம்ம "முனுசாமி"ய எப்படி பெரிய எழுத்துல அடிப்ப? அது வெறும் ஆக்ஷன் வரி, அதாவது என்ன நடக்குதுன்னு சொல்ற வரின்னு நெனச்சு இடது ஓரத்துல ஒட்டிக்கும். நீ டேப் அமுக்கி அமுக்கியே பாதி ராத்திரி போய்டும்.

இதுக்கு நான் புடிச்ச வழி ஃபவுன்டெய்ன். இது சாஃப்ட்வேரே இல்ல, எழுதற மொற. சாதா நோட்பேட்லயோ போன்லயோ அடிக்கலாம், 2012லேர்ந்து இருக்கு. சீன் தலைப்புக்கு முன்னாடி ஒரு புள்ளி வச்சா அது தலைப்பு. பேருக்கு முன்னாடி @ போட்டா அது பேசற ஆளு, பெரிய எழுத்து தேவையே இல்ல. அடுத்த வரி வசனம். இப்படி:

.வெளி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு - ராத்திரி

ட்ரெய்லருக்கு அடில கயிறு கட்டி தூளில படுத்திருக்கான் கிளீனர். மேல எஞ்சின் ஸ்டார்ட் ஆவுது.

@டிரைவர்
டேய், லைன் நவுருது. எழுந்துரு.

அவ்ளோதான். இத ஃபவுன்டெய்ன் தெரிஞ்ச எந்த சாஃப்ட்வேர்ல திறந்தாலும் அதுவே வரிசைப்படுத்தி பிடிஎஃப் ஆக்கும். மேக் வச்சிருக்கறவங்களுக்கு பீட்னு ஒண்ணு இலவசமா இருக்கு. யார்டுல பிரேக் டைம்ல போன்லயே எழுதிட்டு வீட்டுக்கு வந்து லேப்டாப்ல ஒட்டிக்கலாம் தம்பி, ஃபைல் ரொம்ப சின்னது, வாட்ஸப்ல உனக்கு நீயே அனுப்பிக்கோ.

5 அக்டோபர், கொஞ்ச நேரம் கழிச்சு

ஸ்கிரைட்ன்ற சாஃப்ட்வேர விட்டுட்டியேன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. கரெக்ட். பெங்களூருல பண்ணது, தமிழ் மாதிரி நம்ம மொழிங்கள மனசுல வச்சே கட்டினது. சீன அட்டை அட்டையா பரப்பி வச்சு பாக்கறதுக்கு வசதி. பழைய லேப்டாப்ல திணறுதான்னு மட்டும் மொதல்ல ஓட்டிப் பாரு.

7 அக்டோபர்

"ஸ்கிரிப்ட்ல ஒரு பக்கம், படத்துல ஒரு நிமிஷம்"ன்றத யாரோ வேதவாக்கா எழுதிருக்கீங்க. அது கூரியர் ஃபான்ட்ல, 12 சைஸ்ல, இங்கிலீஷ்ல அடிக்கறதுக்கு சொன்ன கணக்கு. கூரியர்ல எல்லா எழுத்தும் ஒரே அகலம், பழைய டைப்ரைட்டர் வழக்கம், அதனால பக்கத்துக்கு எவ்ளோ வார்த்த புடிக்கும்னு குத்துமதிப்பா தெரியும். தமிழ்ல "ர" எங்க, "ணௌ" எங்க. கூரியர்ல தமிழ் எழுத்தே கெடையாது, நீ தமிழ் அடிச்சா கம்ப்யூட்டர் பின்னாடி வழியா லதா, நிர்மலான்னு ஏதாவது தமிழ் ஃபான்ட்ட கூட்டிட்டு வந்து ஒக்கார வைக்கும், அதுங்களுக்கு வரி உயரம் வேற, பக்கத்துல வரி கொறையும், நம்ம வார்த்தையும் நீளம். தமிழ் ஸ்கிரிப்ட்டு 160 பக்கம் வந்துச்சுன்னா படம் ரெண்டு மணி நேரம் நாப்பது நிமிஷம்னு அர்த்தமில்ல. பயந்துகிட்டு நல்ல சீன வெட்டாத.

நான் பண்றது, போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு சத்தமா படிக்கறது. நடுவுல ஆளு நடந்து போறான், கதவ திறக்கறான்னா கண்ண மூடி அத பாத்துட்டு அப்புறம் அடுத்த வரி. ஒரு அஞ்சாறு சீனு இப்படி படிச்சா உன் பக்கத்துக்கு எவ்ளோ நேரம்னு உனக்கே ஒரு கணக்கு வந்துரும். ராத்திரில படிச்சா பக்கத்து வீட்டுல சண்டன்னு நெனச்சு கதவ தட்டுவாங்க, எங்க வீட்டுல நடந்துருக்கு.

இன்டர்வல் எங்க விழுதுன்றதையும் இதே ஸ்டாப்வாட்ச்ல தான் பாக்கணும். வெளிநாட்டு சாஃப்ட்வேர்ல மூணு ஆக்ட்டுக்கு, அதாவது கதையோட மூணு பாகத்துக்கு, கட்டம் போட்டு குடுப்பான், இன்டர்வலுக்கு கட்டம் இருக்காது. நம்மூர் ப்ரொட்யூசர் மொதல்ல கேக்கறதே இன்டர்வல் பிளாக் என்னன்றது தான்.

8 அக்டோபர்

மேல ஒரு பெரியவர் ரொம்ப கோவமா எழுதிருக்காரு, தமிழ் சினிமால பக்கத்த ரெண்டா பிரிச்சு இடது பக்கம் காட்சி வலது பக்கம் வசனம்னு தான் காலங்காலமா எழுதறோம், நடுவுல வசனம் வைக்கறது வெள்ளக்காரன் பழக்கம்னு. ஐயா சொல்றது நெஜம், நானும் அப்படித்தான் எழுத கத்துக்கிட்டேன். வசனம் பேசறப்போ படத்துல என்ன தெரியுதுன்னு பக்கத்துலயே இருக்கும், சவுண்ட் ஆளுக்கும் எடிட்டருக்கும் அது சௌகரியம். எனக்கு இப்பவும் டைரக்டர் கூட ஒக்காந்து பேசறப்போ ரெண்டு பத்தி தான் ஓடும்.

ஆனா ஃபோன்ல திறந்தா ரெண்டு பத்தி நாசம். இன்னிக்கி ப்ரொட்யூசர் ஆபீஸ்ல படிக்கற பையன் பிடிஎஃப்ப ஆட்டோல போறப்போ ஃபோன்ல தான் படிக்கறான். போட்டிக்கு அனுப்பறதா இருந்தா ரெண்டு பத்திய அவங்க ஏத்துக்கவும் மாட்டாங்க. ஒரே பத்தில எழுதி வை, தேவப்பட்டா டேபிள் போட்டு மாத்திக்கலாம். ரெண்டு பத்தில இருக்கறத ஒரு பத்திக்கு கொண்டு வர்றது தான் உசுர வாங்கும்.

11 அக்டோபர்

பிரின்ட் விஷயம். பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு ஜெராக்ஸ் கடை, பென்டிரைவ்ல வேர்ட் ஃபைல கொண்டு போனேன். அவர் கம்ப்யூட்டர்ல அந்த தமிழ் ஃபான்ட்டு இல்ல. ஸ்கிரீன் ஃபுல்லா கட்டம் கட்டமா வருது. நடுநடுல நான் இங்கிலீஷ்ல அடிச்ச சீன் நம்பர் மட்டும் அழகா நிக்குது. கடைக்காரரு கண்ணாடிய தூக்கி விட்டுக்கிட்டு "இன்னா சார் ரகசிய மொழியா"ன்றாரு. வீட்டுக்கு திரும்ப வந்து ஃபான்ட்ட உள்ளயே பதிச்ச பிடிஎஃப்பா மாத்தி எடுத்துட்டு போனேன். அதுலயும் அவர அடிக்க விடறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் மட்டும் எடுத்து பாத்தேன், "கொ"வுல கொம்பு தனியா கால் தனியா நிக்குதான்னு. நின்னா ஸ்பைரல் போட்டு என்ன ப்ரயோஜனம்.

இன்னொண்ணு, சில ஆபீஸ்ல இன்னமும் பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல தான் வண்டி ஓடுது. இப்போ போன்ல, கம்ப்யூட்டர்ல எல்லாம் ஓடற யூனிகோட்ல குடுத்தா அவங்க டிடிபி ஆளு மறுபடி மொதல்லேர்ந்து அடிச்சிட்டு இருப்பாரு, தப்பு தப்பா. மாத்தி குடுக்கற கன்வெர்ட்டர் ஆன்லைன்ல சும்மாவே கிடைக்குது. நீ எழுதறது யூனிகோட்ல எழுது, அவங்களுக்கு குடுக்கறப்போ மட்டும் மாத்து.

12 அக்டோபர், கேள்வி கேட்ட தம்பி

ணா குரல்ல பேசி டைப் பண்ணலாமா, எனக்கு தமிழ் டைப்பிங் ஸ்லோவு.

12 அக்டோபர்

பண்ணலாம், ஆனா திருத்தி உசுர் போகும். நான் கிளீனர் பேசற மாதிரி பேசிப் பாத்தேன், "இன்னாபா கலாய்க்கிறியா"ன்னு. அது ரொம்ப மரியாதையா நியூஸ் வாசிக்கற தமிழ்ல ஒண்ண அடிச்சு குடுத்துச்சு. நம்ம ஏரியா ஆளுங்க வாய தொறந்தா எல்லா குரல் டைப்பிங்கும் பள்ளிக்கூட வாத்தியார் ஆயிடுது. ஆக்ஷன் வரிக்கு வேணா பேசு. வசனத்த கைல அடி. தமிழ்99 கத்துக்கோ, கொஞ்ச நாள் கடுப்பா தான் இருக்கும், அப்புறம் வெரலு தானா ஓடும். 1999ல நம்ம சென்னைல நடந்த மாநாட்டுல முடிவான விசைப்பலகை தான் அது, உயிரெழுத்து இடது கைல மெய்யெழுத்து வலது கைலன்னு.

16 அக்டோபர்

போட்டிக்கு வர்றேன், நெறய பேரு காத்துட்டு இருக்கீங்க போல.

நிக்கல்னு சொல்றாங்களே, ஆஸ்கர் குடுக்கற அதே அகாடமி நடத்துறது. வருஷத்துக்கு அதிகபட்சம் அஞ்சு பேரு, ஆளுக்கு 35,000 டாலர். அது பரிசுப் பணம் இல்ல, ஃபெல்லோஷிப்பு, அந்த ஒரு வருஷத்துல புதுசா இன்னொரு முழு ஸ்கிரிப்ட் எழுதி குடுக்கணும். இங்கிலீஷ்ல தான் இருக்கணும். படத்துக்கோ டிவிக்கோ எழுதி 25,000 டாலருக்கு மேல சம்பாதிச்சவங்க சேர முடியாதுன்னு ஒரு ரூலு, இந்த இழைல யாருக்கும் அந்த கஷ்டம் வராது. முன்னாடி யார் வேணா நேரா அனுப்பலாம். 2025ல அத மாத்திட்டாங்க, பல்கலைக்கழகம், ஃபிலிம் லேப் வழியா வரணும், இல்லாட்டி பிளாக் லிஸ்ட்னு ஸ்கிரிப்ட் போடற வெப்சைட்டுல ஏத்தி அங்கேர்ந்து போகணும். அதனால யூட்யூப்ல பழைய வீடியோ பாத்துட்டு "இந்த லிங்க்ல அப்ளை பண்ணு"ன்னு சொல்றவன நம்பாத. கவர்ஃப்ளைன்னு போட்டிங்கள எல்லாம் ஒரே எடத்துல வச்சிருந்தாங்க, அதுவும் 2025ல இழுத்து மூடியாச்சு. இந்த ஃபீல்டுல ரெண்டு வருஷத்துக்கு முன்ன எழுதுன அறிவுரை எல்லாம் காலாவதி மருந்து மாதிரி தான். நான் இப்போ எழுதறதும் நாளைக்கு அப்படி ஆகும்.

இந்தியால மத்திய அரசோட திரைப்பட நிறுவனம் என்எஃப்டிசி நடத்துற ஸ்கிரீன்ரைட்டர்ஸ் லேப், 2007லேர்ந்து நடக்குது. இது எனக்கு ரொம்ப புடிச்ச வடிவம். ஜெயிச்சவன் தோத்தவன்னு சொல்லி அனுப்பாம, எடுத்துக்கிட்ட கொஞ்ச பேர ஒக்கார வச்சு அனுபவசாலிங்க கூட மறுபடி மறுபடி எழுத வைக்கறாங்க, அப்புறம் கோவால ஃபிலிம் பஜார்ல ப்ரொட்யூசர்ங்க முன்னாடி நிறுத்தறாங்க. ஆஃபீஸ் பாசைல சினாப்சிஸ்ன்ற கதைச் சுருக்கம், டைரக்டர் நோட்டு எல்லாம் இங்கிலீஷ்ல கேப்பாங்க, அதுக்கு தனியா ஒக்காரணும்.

தமிழ்ல எழுத்துக்குன்னு தனிப் போட்டி எப்பவும் கொறச்சல் தான். இங்க வழி ஷார்ட் ஃபிலிம். 2009ல கலைஞர் டிவில நாளைய இயக்குனர் ஆரம்பிச்சப்போ அதுல வந்த நலன் குமாரசாமி, கார்த்திக் சுப்புராஜ் எல்லாம் அப்புறம் எங்க போனாங்கன்னு உங்களுக்கே தெரியும். அவங்க கைல காட்டறதுக்கு படம் இருந்துச்சு.

16 அக்டோபர், பின்குறிப்பு

"அப்போ எழுத மட்டும் தெரிஞ்சவன் என்ன பண்றது, எனக்கு கேமராவே புடிக்கத் தெரியாது"ன்னு ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க கொருக்குப்பேட்டைலேர்ந்து. நியாயமான கேள்வி, நான் மேல கொஞ்சம் அசால்ட்டா எழுதிட்டேன். கேமரா தெரிஞ்ச, கதை இல்லாத பசங்க ஊரெல்லாம் இருக்காங்கம்மா. விஸ்காம் படிக்கற எந்த காலேஜ் வாசல்ல நின்னாலும் ஒருத்தன் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு கதை தேடிட்டு இருப்பான். பத்து நிமிஷ கதை ஒண்ணு குடு, டைட்டில்ல எழுத்துன்னு உன் பேரு வரணும்னு மொதல்லயே மெசேஜ்ல எழுதி வாங்கிக்கோ.

21 அக்டோபர்

தீபாவளி முடிஞ்சது, காதுல இன்னும் ங்கொய்னு கேக்குது.

தம்பி தனியா ஒரு லிங்க் அனுப்பி "இது நல்ல போட்டியா ணா"ன்னு கேட்டிருந்தான். இந்த வகை பத்தி எல்லாருக்கும் சொல்லணும். பேரு பெரிய வெளிநாட்டு ஊர் பேரா இருக்கும். மாசா மாசம் நடக்கும். நானும் ஒண்ணுக்கு அனுப்பிருக்கேன், பேரு வேணாம். கொஞ்ச நாள்ல மெயில் வந்துச்சு, நீங்க செமி ஃபைனலிஸ்ட், வாழ்த்துக்கள், ரெண்டு பக்கமும் இலை போட்ட லோகோ கூட இணைப்புல. வீட்டுல பாயசம் வச்சாங்க. அப்புறம் பாத்தா எனக்கு தெரிஞ்ச அத்தன பேருக்கும் அதே மெயிலு, ஒருத்தன் தெரியாத்தனமா தப்பு ஃபைல அனுப்பிருக்கான், அவன் வீட்டு வாடகை ஒப்பந்தம், அவனும் செமி ஃபைனலிஸ்ட். அதுக்கப்புறம் இன்னொரு மெயிலு, கோப்பை வேணும்னா தனியா காசு கட்டணுமாம், கூரியர் செலவும் நம்முது.

இத எப்படி முன்னாடியே கண்டுபுடிக்கறதுன்னா, போன வருஷம் ஜெயிச்சவங்க பேர எடுத்து தேடு. அவங்க ஸ்கிரிப்ட் எங்கயாவது படமாச்சா, ஏஜென்ட் கிடைச்சாங்களா, ஒரு மீட்டிங்காவது நடந்துச்சா. யாரு படிக்கறாங்கன்னு பேரு போட்டிருக்கானா பாரு. பிரிவு எத்தனன்னு பாரு, சிறந்த தலைப்பு, சிறந்த முதல் பக்கம்லாம் இருந்தா ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபீஸ் வாங்கறான்னு அர்த்தம். ஃபீஸு நாப்பது அம்பது டாலர்னு ஆரம்பிச்சு கடைசி தேதி நெருங்க நெருங்க ஏறும், அதுக்கு மேல பேங்க்காரன் ஃபாரின் ட்ரான்சாக்ஷன்னு அவன் பங்க எடுப்பான்.

நிபந்தனைய கடைசி வரி வரைக்கும் படி. அனுப்பற கதையோட உரிமை நடத்தறவங்களுக்கு போகும்னு எங்கயாவது நடுவுல நுழைச்சிருப்பான். அப்படி இருந்தா பரிசு எவ்ளோ இருந்தாலும் மூடிட்டு வந்துரு. நம்மூர் போட்டிலயும் இத பாத்திருக்கேன்.

22 அக்டோபர்

மழை. எங்க தெருவுல கரன்ட் போய் போய் வருது. நீங்க எல்லாரும் ஃபைல ரெண்டு எடத்துல வச்சிருக்கீங்களா? இதுக்கு மேல இன்னிக்கி எழுத முடியாது, சார்ஜ் இல்ல.

24 அக்டோபர்

கதைய பதிவு பண்றது பத்தி. பயம் நியாயம் தான், 2018 தீபாவளிக்கு வந்த "சர்கார்" படத்து விவகாரம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், 2007லயே தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்துல பதிஞ்ச கதைன்னு ஒருத்தர் சொல்ல, சங்கமே ஒத்துமை இருக்குன்னு சொல்லி, ஹைகோர்ட் போய் சமாதானம் ஆச்சு. அந்த பதிவு இல்லன்னா அவர யாரும் திரும்பிக்கூட பாத்திருக்க மாட்டாங்க.

சட்டப்படி பாத்தா 1957 காப்புரிமைச் சட்டத்துல நீ எழுதி முடிச்ச நிமிஷமே உரிமை உன்னுது, பதிவு கட்டாயம் இல்ல. பதிவுன்றது அன்னிக்கி உன் கைல இது இருந்துச்சுன்னு காட்ட ஒரு சாட்சி. காப்பிரைட் ஆபீஸ்ல இலக்கியப் படைப்பா பதிஞ்சா ஃபீஸ் 500 ரூபா, ஆன்லைன்லயே பண்ணலாம். தம்பி, ஓவர்டைம் காசுல செலவு பண்ணியே ஆவணும்னா இதுல பண்ணு.

ஆனா ஒண்ணு, கருவுக்கு காப்புரிமை கெடையாது. 1978லயே சுப்ரீம் கோர்ட் ஆர்.ஜி.ஆனந்த் வழக்குல சொல்லிடுச்சு, கருத்துக்கு உரிமை இல்ல, அத எழுதின விதத்துக்கு தான்னு. "ஜீரோ கேட்ல ஒரு ராத்திரி"ன்னு ஒரு வரிய பதிஞ்சு வச்சுட்டு ஊரே திருடுதுன்னு சொன்னா எடுபடாது. சீன் சீனா எழுது, அப்புறம் பதி. டீக்கடைல லைன் சொல்றத கொற. நான் யாரையும் சந்தேகப்பட சொல்லல, அரைகுறையா சொன்ன கதை நம்ம வாய்லயே நமுத்துப் போயிடும்.

29 அக்டோபர்

தம்பி மொத அஞ்சு சீனு அனுப்பிருக்கான். அவன் கிட்ட கேட்டுட்டு தான் இங்க எழுதறேன்.

தூளி சீனு, சைக்கிள்ல டீ கேன் வச்சுட்டு ட்ரெய்லர் ட்ரெய்லரா வர்ற அக்கா, முன்னாடி வண்டி டிரைவர் தூங்கிட்டதால லைன்ல கேப் விழுந்து பின்னாடி இருக்கறவன் பூந்துடறது, இதெல்லாம் வெளில இருக்கறவன் ஒக்காந்து யோசிச்சா வராது. அந்த அக்கா காசு வாங்கறப்போ ஸ்டியரிங் மேல ஒட்டிருக்கற சாமி படத்த பாத்துட்டு தான் பேர் வச்சு கூப்புடறாங்க, "முருகா ஒரு டீயா ரெண்டா"ன்னு. அதுக்கு மேல ஒரு வார்த்த அவங்கள பத்தி எழுதாத.

மூணாவது சீன்ல தான் பிரச்சன. ஃபார்ம் 13னா என்ன, அது இல்லாம ஏன் கேட்டுக்குள்ள விட மாட்டாங்க, யாரு குடுக்கணும்னு டிரைவரு கிளீனருக்கு அர பக்கம் பாடம் எடுக்கறாரு. அந்த கிளீனரு எத்தன வருஷமா இந்த லைன்ல வர்றான்? அவனுக்கு தெரியாதா? நீ எனக்கு சொல்ற தம்பி, டிரைவர் வாய கடன் வாங்கிட்டு. பேப்பர் இல்ல, செக்யூரிட்டி வண்டிய ஓரங்கட்ட சொல்றான், பின்னாடி வண்டி எல்லாம் ஹாரன் அடிக்குது, போதும். பேப்பரு இல்லன்னா உள்ள போக முடியாதுன்னு எனக்கு அதுலயே புரிஞ்சுடுச்சு.

இன்னொண்ணு. ஏழாவது சீன்ல கத்தி வருதுன்னு மெசேஜ்ல சொன்னியே, ஏன்? நார்த் மெட்ராஸ்னா வெட்டு குத்து, கேரம், பாக்ஸிங் இருந்தா தான் ப்ரொட்யூசர் ஒத்துக்குவான்னு யாரோ சொல்லிருக்காங்க. அது ஒரு பக்கம் உண்மை தான், நானே அந்த மாதிரி டிஸ்கஷன்ல காசு வாங்கிட்டு ஒக்காந்திருக்கேன், "ஏரியா ஃப்ளேவர் ஏத்துங்க"ன்னு சொல்லுவாங்க, நானும் ஏத்துவேன். ஆனா உன் கதைல விடிஞ்சா சரக்கு கப்பல்ல ஏறணும், வண்டி நகரல. அந்த டென்ஷன் இருக்கறப்போ கத்தி எதுக்கு. என்எஃப்டிசி லேப்ல ஸ்கிரிப்ட் படிக்கறவங்களும் கத்திய நெறய பாத்தவங்க.

30 அக்டோபர்

"இங்கிலீஷுக்கு மாத்துனா மெட்ராஸ் பாசை எல்லாம் போயிடுமே"ன்னு கேக்கறீங்க. போகும். அதுக்காக நியூயார்க் ரவுடி பேசற மாதிரி மாத்தாதீங்க, அத விட சாதாரண சின்ன சின்ன வாக்கியமா இருக்கறது மேல். யாரு யார மடக்கறான், யாரு எறங்கி போறான், யாரு மரியாதைய விட்டுட்டு பேச ஆரம்பிக்கறான்ற அந்த ஏத்த எறக்கம் வந்தா போதும். கெட்ட வார்த்தைக்கு அடிக்குறிப்பு போட்ட ஒரு ஸ்கிரிப்ட்ட படிச்சிருக்கேன், சிரிப்பு தாங்கல.

என் மனசுல பட்டது, மொதல்ல தமிழ்ல முழுசா முடி. அப்புறம் மாத்து. ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட்டுனா தமிழ் வசனமே மொழிபெயர்ப்பு மாதிரி ஆயிடுது, டிரைவரு "நான் உன்னை எச்சரிக்கிறேன்"னு பேச ஆரம்பிச்சுடறான்.

2 நவம்பர்

எழுத எடம் இல்ல, வீட்டுல ஒரே ரூமுன்னு ரெண்டு பேரு. கொளத்தூர்ல முதல்வர் படைப்பகம் 2024 நவம்பர்ல திறந்தாங்களே, பாத்தீங்களா? அர நாளுக்கு 50 ரூபா, ஏசி, வைஃபை, ப்ளக் பாயின்ட்டு. சுத்தி எல்லாரும் ஐடி வேல பாக்கறவங்க, நாம வாய்க்குள்ளயே வசனம் பேசிட்டு அடிக்கறத பாத்து திரும்பி திரும்பி பாப்பாங்க. பாத்தா பாக்கட்டும். ஸ்டாப்வாட்ச் போட்டு சத்தமா படிக்கற வேலய மட்டும் அங்க வச்சுக்காதீங்க.

5 நவம்பர், கேள்வி கேட்ட தம்பி

மூணாவது சீன வெட்டிட்டேன் ணா. கத்தி போச்சு. இப்போ இன்டர்வல் எங்கன்னு தெரியல.

5 நவம்பர்

செக்யூரிட்டி ஓரங்கட்டுனானே, வண்டி அங்கேர்ந்து திரும்பவும் லைன்ல கடைசிக்கு போகணும்ல. அந்த லைனோட கடைசி எங்க இருக்கு? திருவொற்றியூர தாண்டிருச்சுன்னு காட்டு. அங்க வை இன்டர்வல.

9 நவம்பர்

கடைசி தேதி பத்தி ஒரு சந்தேகம் வந்துச்சு. அமெரிக்கா போட்டில "பசிபிக் நேரம் ராத்திரி 11:59"னு போட்டிருந்தா நமக்கு அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் டைம் இருக்கு, வெயில் காலத்துல 12:29, இப்போ மாதிரி குளிர் காலத்துல 1:29. நைட் ஷிஃப்ட்டு முடிஞ்சு வந்து கூட அனுப்பலாம். ஆனா கார்டுல இன்டர்நேஷனல் ட்ரான்சாக்ஷன மொத நாளே பேங்க் ஆப்ல ஆன் பண்ணி வச்சிரு, கடைசி நேரத்துல ஓடிபி வராது.

அட்டைல உன் பேரு, ஃபோன் நம்பர் போடலாமான்னு ரூல்ல பாரு. நெறய எடத்துல படிக்கறவங்களுக்கு யாரு எழுதுனதுன்னு தெரியக்கூடாதுன்னு தலைப்பு மட்டும் தான் கேப்பாங்க. ஃபைல் பேரையும் மாத்து தம்பி, நீ எனக்கு அனுப்புனதுல "ட்ரெய்லர் ஃபைனல் ஃபைனல் புதுசு அண்ணனுக்கு"ன்னு இருக்கு.